பாதிக் கூடு

பனைமரத்துத் தூக்கணாங்குருவிகள் அவ்வாண்டு புதுவழக்கம் ஒன்றை ஏற்றன: கூட்டைப் பாதி பின்னியதுமே பேடையிடம் காட்டிவிட வேண்டும்.

பொன்முடிக்கு அது நாணமாயிருந்தது. முன்னாண்டு முற்றும் பின்னி முடித்த கூட்டைப் பேடை ஒருத்தி மறுத்துவிட, கார்காலம் முழுவதும் துணையின்றிக் கழித்தவன் அவன். இம்முறை வந்தவளைக் கண்டதும் அரைக்கூட்டைச் சிறகால் மறைத்தான்.

“விலகும் ஐயா, நான் பார்க்க வந்தது உம் சிறகையன்று,” என்றவள் உள்ளே அமர்ந்து ஆடிப் பார்த்தாள். “வாசல் சாரலை நோக்கியிருக்கிறதே. குஞ்சுகள் நனையுமே.”

“பிரித்துவிட வேண்டியதுதானா, அம்மணி?”

“முழுக்கூடாயின் பிரிக்கத்தான் வேண்டும். இப்போது நான்கு நாரை அவிழ்த்துத் திருப்பினால் போதும்.”

பொன்முடிக்குப் போன உயிர் மீண்டது. இறைவனை நினைந்து முதல் நாரை அவிழ்த்தான்.

“நீர் அவிழ்த்துக்கொண்டிரும், நம் கூட்டுக்குப் பூசக் களிமண் நான் கொண்டுவருகிறேன்,” என்று பேடை வயலை நோக்கிப் பறந்தாள்.