ஈரம் எந்தப் பக்கம்

லண்டன் வெம்பிளியில் காலை ரயில் கடக்க, ஜன்னல் அதிர்கிறது. வாடகைக்கு இருக்கும் சுகந்தமலரின் மகளுடைய கட்டிலுக்கு மேலே சுவரில் கறுத்துப் படர்ந்திருக்கும் ஈரத்தைக் கைகட்டிப் பார்த்து நிற்கிறார் வீட்டுக்காரர் தர்மகுலன். "முப்பது வருசமா வீடு வாடகைக்கு விடுறன் தங்கச்சி. பார்த்த உடனே மனசு சொல்லிப்போடும். இது உம்மட குசினியில பிட்டு அவிக்கிற ஆவி. சுவரைத் திருத்த ஏலாது, அவிக்கிறதை நிப்பாட்டும், இல்லாட்டி ஜன்னலைத் திறந்து வைச்சு அவியும்." சுகந்தமலர் அலுவலகத் தரைகளைத் துடைத்துத் துடைத்துக் காய்த்துப்போன விரலைச் சுவரை நோக்கி நீட்டுகிறாள். நான்கு ஓரமும் டேப் போட்டு அவள் ஒட்டிய அலுமினியத் தாள் வெயிலில் மினுங்குகிறது. "ஒட்டிப் பத்து நாள் அண்ணை. பத்து நாளும் பிட்டுத்தான். ஆவியெண்டா தாளின்ர வெளிப்பக்கம் நனைஞ்சிருக்க வேணும், தொட்டுப் பாருங்கோ." அவர் தடவுகிறார், விரல் காய்ந்தே வருகிறது. அவள் டேப்பை மெல்ல உரிக்கிறாள். தாளின் உட்பக்கத்திலிருந்து தண்ணீர் முத்து முத்தாய் உருண்டு அவர் காலில் பளபளக்கும் சப்பாத்தில் சொட்டுகிறது. "ஈரம் சுவருக்குள்ளயிருந்து வருது. இப்ப மனசு என்ன சொல்லுது அண்ணை?" அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவர் திருத்துகிறவனுக்குப் போன் போடுகிறார். சுகந்தமலர் குசினிக்குள் போய்ப் பிட்டுப் பானையை அடுப்பில் ஏற்றுகிறாள். வெள்ளை ஆவி முகட்டைத் தொடுகிறது. ஒரு ஜன்னலையும் அவள் திறக்கவில்லை.