ஆபீசர் வீட்டு ரொட்டி

குக்கரைத் திறந்ததும் ரஷ்மியின் முகம் செத்துப்போனது. ரொட்டி எழும்பவே இல்லை. அடுப்பு மேடையைச் சுற்றி மகளிர் குழுப் பெண்கள் ஐந்து பேர், ரொட்டி சுடப் படிக்க வந்தவர்கள், கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

குழுத் தலைவி தாணம்மாள் கத்தியை வைத்து அழுத்தினாள். இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ரொட்டி நழுவிப்போய் மிக்சியில் முட்டியது. பின்னால் நின்ற ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினாள்.

"சாரமில்ல மக்கா" என்றாள் தாணம்மாள். "ஒரு நாளு அப்படித்தான் ஆவும். ஆர்டரு காரியம் நாம பொறவு பேசுவோம், கேட்டியா?"

பொறவு என்றால் இனிமேல் இல்லை என்று அர்த்தம். அது ரஷ்மிக்குத் தெரியாதா என்ன! குழு அடுத்த வாரம் திறக்கப்போகிற கேன்டீனுக்குத் தினமும் பதினைந்து ரொட்டி. அதை நம்பி மகளின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவர்கள் போனதும் கதவைச் சாத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். நாளைக்கு இராஜாக்கமங்கலம் முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும். எந்த முகத்தோடு குழாயடிக்குப் போவது?

கணவன் பொன்னுலிங்கம் மஸ்கட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். கையிருப்பு கரையக் கரைய ரஷ்மி ஒவ்வொன்றாக நிறுத்தினாள். கேபிள் போனது, ஞாயிற்றுக்கிழமைக் கோழி போனது. மகளுக்குக் காலையில் ரொட்டி இல்லாமல் ஆகாது. கடையில் வாங்காமல் நாமே சுட்டால் என்ன என்று யூடியூபைப் பார்த்துத் துணிந்து இறங்கிவிட்டாள்.

ஈஸ்ட்டுக்கு எதற்குக் காசைக் கொடுக்க வேண்டும்? ஆப்பத்துக்கு ஊற்றுகிற மாதிரி, சர்க்கரை போட்டுப் புளிக்கவைத்த தேங்காய்த் தண்ணீர் இருக்கிறதே. ஓவனுக்குப் பதில் பழைய குக்கரில் உப்பைப் பரப்பிக்கொண்டாள். முதல் இரண்டு வாரம் வந்ததெல்லாம் செங்கல்தான். பேசாமல் கடித்துத் தின்றார் அந்த மனுஷன். மூன்றாவது வாரம் பஞ்சு மாதிரி வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தப்பவில்லை. கை தேறிவிட்டது என்று ரஷ்மிக்கு ஒரே பெருமை. தெருவில் நாலு வீட்டுக்குக் கொடுத்தாள், பேச்சு தாணம்மாள் காதுவரைக்கும் போய்விட்டது.

இன்றைக்கு மட்டும் என்ன கேடு வந்தது?

நல்லவேளை, இந்த மானக்கேட்டைப் பார்க்க அவர் வீட்டில் இல்லை. காலை ஏழு மணி பஸ்ஸில் அவரை நாகர்கோவிலுக்கு அனுப்பிவைத்ததே ரஷ்மிதான். அங்கே அவருக்கு ஒரு ஜோலியும் கிடையாது. கம்பெனியில் வேலை என்று அவர் சொன்னதை ஆபீஸ் என்று எடுத்துக்கொண்டு, ஆபீசர் என்று பதினோரு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அந்த ஆபீசர் கைலியைக் கட்டிக்கொண்டு வேலையில்லாமல் அடுக்களையில் நடமாடுவதை ஐந்து பெண்கள் பார்த்தால் அவளுக்குத்தானே குறைச்சல்! ஒரு மூலையில் இருந்துகொள்கிறேனே என்று அவர் கெஞ்சாத குறைதான். அவள் சம்மதிக்கவில்லை.

மத்தியானம் அவர் வந்தார். பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். மேடையில் கிடந்த ரொட்டியைப் பார்த்தார். எடுத்துத் திருப்பி அடியில் விரலால் தட்டிப் பார்த்தார். பிட்டு மோந்தார்.

"அவங்கள நாளைக்கு ஒருக்க வரச் சொல்லு ரஷ்மி. நான் மாவக் கொழைச்சு வச்சிட்டு ஏழு மணி பஸ்சுக்குப் போயிடுகேன்."

"நீங்களா? நீங்க மாவு கொழைக்கவா?"

தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஆப்ப மாவு பொங்கிய பிறகு அதில் கை வைக்கக்கூடாது, சரி. ரொட்டி மாவு அப்படி இல்லை. பொங்கியதைக் குத்தி அமர்த்தி, கொஞ்சம் புது மாவு சேர்த்து மறுபடியும் பிசைய வேண்டும். ரஷ்மிக்கு அந்தப் பழக்கம் இல்லை. எட்டு மணிக்கு அவள் மகளை ஸ்கூல் வேனில் ஏற்றிவிடப் போகிற அரைமணி நேரத்தில் இத்தனை நாளும் அவர்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்.

ரஷ்மி அவரை ஏற இறங்கப் பார்த்துக் கேட்டாள். ஆபீஸ் நாற்காலியில் இருந்த ஆளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

நாற்காலியே கிடையாது என்றார் பொன்னுலிங்கம். அது ரொட்டிக் கம்பெனி. பதினோரு வருஷமும் அங்கே மாவு பிசைந்ததுதான் வேலை.

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து பட்ட அவமானமெல்லாம் சேர்ந்து அவர் மேல் திரும்பியது. "பதினோரு வருஷம்! கெட்டின பெண்டாட்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லல்ல. ஊரு முன்னால என்ன இப்படிப் பொய் சொல்ல வச்சிட்டியளே, ஒங்களுக்கு வெக்கமா இல்லியா?"

அவர் கோபப்படவில்லை. கல்லாகக் கிடந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிய்த்து ஒரு தட்டில் போட்டுக்கொண்டிருந்தார், மத்தியானச் சாப்பாட்டுக்கு.

"மொத லீவுக்கு ஒங்கிட்ட சொல்லணும்னுதான் வந்தேன் ரஷ்மி. நான் காருலேருந்து எறங்குமுன்ன, தெருவே கூடி நிக்க, 'எங்க வீட்டு ஆபீசர் வந்தாச்சு'ன்னு நீ சொல்லிட்ட. அதுக்குப் பொறவு ஒன்னப் பொய்க்காரி ஆக்க எனக்கு மனசு வரல்ல."