நாலு மணி பேப்பர்

"நானும் இன்னியோட நின்னுக்கறேன் டீச்சர்" என்றாள் எர்மெலிந்தா. நோட்டை மூடி, பென்சிலை அதன் மேல் வைத்து, மேசை ஓரத்துக்குத் தள்ளினாள்.

ஒடீலியா டீச்சர் கரும்பலகையிலிருந்து திரும்பவே இல்லை. கோபம்கூட வரவில்லை, அலுப்பாகத்தான் இருந்தது. வேலையில் இருந்தவரை பிள்ளைகளோடு மாரடித்தாயிற்று. ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க மாட்டாமல் ஊர்க் கிழடுகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க வந்தாள். பெயர் என்னவோ மூத்தோர் பல்கலைக்கழகம். இருப்பது தீயணைப்பு நிலைய மாடியில் ஒரே ஒரு அறை. ஏறி வருவதற்குள் முழங்கால் கெஞ்சும்.

போன வருஷம் பெஞ்சு நிறைய ஆள் இருந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காமல் ஆடு மேய்க்கவும் ஆலிவ் பொறுக்கவும் போனவர்கள். எழுத்துக்கூட்டி வாசிக்க வந்ததும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். இந்த வாரமும் ஆள் சேரவில்லை என்றால் அறையை உடற்பயிற்சி வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள்.

"உங்க வீட்டுக்காரர் போக வேண்டாம்னாரா?"

"அவரு ஒண்ணும் சொல்லலை டீச்சர்."

"அப்புறம் என்ன வந்தது உங்களுக்கு?"

"நாலு மணிக்கு அவரு பேப்பர் படிப்பாரு. நான் எதிர்ல இருந்தா நல்லது."

இப்போது டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சில்வேரியோ! வகுப்பு தொடங்கிய அன்று அவரையும்தான் கூப்பிட்டாள். "நானே இந்த ஊருக்கு வாத்தியார். எனக்கு ஒரு வாத்தியாரா?" என்று காபிக்கடை மொத்தமும் சிரிக்கும்படி சொல்லி அனுப்பியவர். நாலு மணிக்குக் கடை வாசலில் உட்கார்ந்து ஊருக்கே செய்தித்தாள் வாசிப்பது அவர் வழக்கம். வகுப்பும் நாலு மணிக்குத்தான். தன் கூட்டம் கலைந்தது பொறுக்காமல் ஆள் ஆளாக இழுத்துக்கொண்டிருக்கிறார் மனிதர், கடைசியில் பெண்டாட்டியையும்.

"நானே கேட்கறேன் அவரை" என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் டீச்சர், சொன்னாக் கேளுங்க" என்று எர்மெலிந்தா பின்னாலேயே வந்தாள்.

டீச்சர் நினைத்தபடியே இருந்தது. கடை வாசல் நாற்காலிகளில் அவளுடைய பழைய மாணவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். நடுவில் சில்வேரியோ, மூக்குக் கண்ணாடியோடு பேப்பரை விரித்து வைத்திருந்தார்.

"நேத்து மேட்ச் ரெண்டு–ஒண்ணு" என்றார், விரலை எண்ணின் மேல் வைத்து. எண்களில் அவருக்குத் தடுமாற்றமே கிடையாது. ஆயுசு முழுக்கத் தக்கை மரத்தில் பட்டை உரித்தவர். அடுத்து எப்போது உரிப்பது என்று தெரிய, உரித்த மரத்தில் அந்த வருஷத்தின் கடைசி எண்ணை வெள்ளைப் பெயிண்டால் எழுதிப் பழகிய கை.

பிறகு பக்கத்தைத் திருப்பிப் படத்தைத் தூக்கிக் காட்டினார். "இது பாருங்க, நம்ம ஸ்டேஷன். லிஸ்பன்லேர்ந்து மறுபடியும் ரயில் விடப்போறாங்களாம். தினம் ரெண்டு வண்டி. கிழங்களுக்கு டிக்கெட்டே கிடையாதாம்."

"அப்படிப் போடு! நான் என் பொண்ணைப் பார்க்கப் போயிடுவேன்" என்றாள் கஸில்தா.

"நீ நிக்கறதைப் பார்த்தா டிரைவர் நிறுத்தாமப் போயிடுவான்" என்றார் பெலார்மினோ. எல்லாரும் சிரித்தார்கள்.

டீச்சர் சிரிக்கவில்லை. சில்வேரியோவின் கையிலிருந்த பேப்பரை வாங்கி அப்படியே பெலார்மினோவிடம் நீட்டினாள். "உங்களுக்குத்தான் வாசிக்க வருமே. இன்னொருத்தர் படிச்சுக் கேட்கணும்னு என்ன தலையெழுத்து? நீங்க படிங்க."

பெலார்மினோ அவள் சொல்லிக்கொடுத்தபடி தலைப்பின் கீழே விரலை ஓட்டினார். உதடுகள் மெல்ல அசைந்தன. முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. நிமிர்ந்து சில்வேரியோவை ஒரு தரம் பார்த்தார்.

"ரயில்... மறுபடியும்... வருது" என்றார்.

"கஸில்தா, நீங்க."

கஸில்தா பேப்பரை முகத்தருகே கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தினம் ரெண்டு வண்டி டீச்சர். சில்வேரியோ சொன்னதுதான் போட்டிருக்கு."

டீச்சர் பேப்பரை வாங்கிப் பார்த்தாள். பழைய ரயில் நிலையம் அடுத்த மாதம் இடிக்கப்படும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அந்த மனிதர் குறும்புக்கு ஏதோ அளந்துவிட, இவர்கள் அதையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கிறார்கள். ஓர் எழுத்தாவது மண்டையில் ஏறியிருக்கிறதா? பேப்பரை சில்வேரியோவின் மடியில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

தீயணைப்பு நிலையப் படிக்கட்டு வரைதான் கால் வந்தது. அதற்கு மேல் முடியாமல் முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கே சாவியைக் கொடுத்துடப்போறேன்" என்றாள், பின்னாலேயே வந்த எர்மெலிந்தாவிடம். "நீங்க நின்னதே நல்லது. இத்தனை நாள் பாடுபட்டும் ஒருத்தருக்கும் படிக்கத் தெரியலை."

எர்மெலிந்தா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடை வாசலில் சில்வேரியோ மறுபடி வாசிக்கத் தொடங்கிவிட்ட சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவங்க எல்லாருக்கும் நல்லாப் படிக்கத் தெரியும் டீச்சர். அவருக்குத்தான் தெரியாது."