ஐஸ் பெட்டி மீன்

"மீன் வறுக்கணும். ஆனா நம்ம ஊர் மீன் வேண்டாம்."

இதைச் சொல்றதுக்கு முன்னாடி பெரிய அதிகாரி சமையலறைக் கதவைச் சாத்தினார். விருந்தினர் விடுதியில பதினாலு வருஷமா சமைக்கிறேன். அந்தக் கதவை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை.

"புரியலையே சார்."

"நாளைக்குக் கரையில விழா. மீனைப் பார்த்து ஜனங்க பயப்படக் கூடாதுன்னு நானே மேடையில சாப்பிட்டுக் காட்டணும். டிவிக்காரங்க எல்லாம் வர்றாங்க. காலைக் கப்பல்ல ஐஸ் பெட்டி வரும். வேற கடல்ல பிடிச்ச பாறை மீன். அதை வறுத்து வை. விஷயம் நமக்குள்ள இருக்கட்டும்."

"நம்ம மீன் நல்லாத்தான் இருக்குன்னு டாக்டர் எழுதிக் கொடுத்தாரே சார்?"

"எழுதினதை மேடையில வாசிக்கலாம்ப்பா. வாயில வைக்க மனசு வர வேண்டாமா?"

மனசு! மூணு மாசமா தீவு முழுக்க இதே கதைதான்.

சுனாமி வந்து பாதித் தெருவை வாரிக்கிட்டுப் போச்சு. நிவாரணத்துல என் மச்சானுக்குப் புதுப் படகு கொடுத்தாங்க, புது வலை கொடுத்தாங்க. மீனும் நல்லாத்தான் விழுது. வாங்கத்தான் ஆளில்லை. அலையில போனவங்களை மீன் தின்னிருக்கும்னு எவனோ கிளப்பிவிட்டான். அவ்வளவுதான், தீவே மீனை ஒதுக்கிடுச்சு. ஆனா நிவாரண டின் மீன் வந்தா மட்டும் வரிசையில அடிதடி. அது என்ன, மரத்துல காய்ச்சதா?

மச்சான் பிடிக்கிற மீனைக் கூடையில சுமந்து விக்கிறது என் வீட்டுக்காரி. நிறைஞ்ச கூடையோட போவா, நிறைஞ்ச கூடையோட வருவா. இந்த வாரமும் இப்படியே போனா, படகைத் திருப்பிக் கொடுத்துட்டுக் கப்பலேறிடுவேன்னு மச்சான் சொல்லிட்டான். அவளோட கூடப்பிறந்தவங்க மூணு பேர். ரெண்டு பேரை அலை கொண்டுபோச்சு. இவனும் போயிட்டா அவ ஒடிஞ்சு போயிடுவா.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேட்டா, "பல்வலி எப்படி இருக்கு? மீன் குழம்பு வச்சிருக்கேன்."

"இன்னும் விட்டபாடில்லை. முள்ளு மாட்டினா உயிர் போயிடும். கஞ்சியே ஊத்து."

ஊத்தினா. அவ மட்டும் மீன் போட்டுச் சாப்பிட்டா. விக்கிறவளே சாப்பிடலைன்னா எந்த மூஞ்சியோட கூவுறதுன்னு கேப்பா.

அதிகாரி சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்குத்தான் ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்தது. "படிச்ச மனுஷன் செய்ற வேலையா இது? ஊருக்கு ஒரு பேச்சு, தனக்கு ஒரு மீனு. வெட்கமா இருக்க வேண்டாம்?"

அவ நிதானமா முள்ளை ஒதுக்கி வச்சுட்டுச் சொன்னா, "காலையில தம்பி பாறை மீன் கொண்டு வருவான். பெருசா ரெண்டு எடுத்துட்டுப் போங்க. வறுத்தப்புறம் ஐஸ் பெட்டியா, நம்ம கூடையான்னு யாருக்குத் தெரியப் போகுது?"

எனக்கு இது தோணாமப் போச்சே!

மறுநாள் கப்பல்ல வந்த ஐஸ் பெட்டியைத் திறக்காம ஓரமா வச்சுட்டு, மச்சான் மீனை மசாலா தடவி முறுமுறுன்னு வறுத்தேன். அதிகாரியோட உதவியாளர் வந்து எட்டிப் பார்த்தார். "ஒரு துண்டு வாயில போட்டு உப்பு பார்த்தியா?"

"வாசனையிலேயே தெரிஞ்சிடும் சார் எனக்கு."

மேடையில அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். 'என் மக்கள் பிடித்த மீன்'னு சொல்லும்போது குரல் தழுதழுத்தது. நடிப்புக்குப் பட்டம் கொடுத்தா அவருக்குத்தான் முதல்ல கொடுக்கணும். அப்புறம் தட்டைக் கையில எடுத்தார். முதல் துண்டு கேமராவுக்காக. ரெண்டாவது, மூணாவதெல்லாம் அவருக்காகவே. விரலைக்கூட விடலை.

இறங்கி வரும்போது என் காதுக்கிட்ட வந்தார். "பார்த்தியா? வேற கடல் மீன்னா அந்த ருசியே தனி."

"இருக்காதா சார் பின்னே? அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கே."

சிரிப்பை அடக்குறதுக்குள்ள எனக்கு விலா நொந்துபோச்சு.

அவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டதைக் கண்ணால பார்த்த கூட்டம் நேரா என் வீட்டுக்காரி கூடையைச் சூழ்ந்துக்கிச்சு. முதல்ல மளிகைக்கடைக்காரர் வாங்கினார். அப்புறம் கை வைக்க இடமில்லை. மச்சான் மறுபடியும் படகைத் தள்ளிக்கிட்டுப் போனான். மூணு மாசத்துக்கப்புறம் அன்னைக்குத்தான் அவன் சிரிச்சான். இனி இவன் எங்கேயும் போகமாட்டான்னு நிம்மதியா வீட்டுக்கு வந்தேன்.

கொஞ்ச நேரத்துல அவளும் வந்துட்டா. வாசல்ல இருந்தே குரல் கேட்டது. "தம்பி இங்கேயே இருக்கேன்னு சொல்லிட்டான்! கூடையும் காலி. எவ்வளவு கேட்டும் ஒண்ணை மட்டும் யாருக்கும் கொடுக்காம ஒளிச்சு வச்சேன், உங்களுக்காக. பயப்படாதீங்க, முள்ளெல்லாம் நானே எடுத்துத் தர்றேன்."

பேசிக்கிட்டே சமையலறைக்குள்ள வந்தவ அப்படியே நின்னுட்டா.

நான் தரையில உட்கார்ந்திருந்தேன். முன்னாடி தட்டு. தட்டு ஓரத்துல முள்ளு ஒரு குவியல். அடுப்புப் பக்கத்துல மூடி திறந்த ஐஸ் பெட்டி.

"பல்வலி?"ன்னு கேட்டா.

வாய் நிறைய இருந்த மீனை அவசரமா முழுங்கினேன்.

கையில இருந்த மீனைக் கொஞ்ச நேரம் பார்த்தா. அதை மறுபடியும் கூடையில வச்சா. கோபப்படுவான்னு நினைச்சேன், படலை. மெதுவாத்தான் சொன்னா:

"பரவாயில்லைங்க. அந்த ஆபீசராவது நம்ம மீனைச் சாப்பிட்டாரு."