கூடிய இரண்டு கிராம்

அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் பிரதியெடுத்த கதைப்பாடல், அறுபதாம் ஏட்டோடு பாதியில் நின்றிருந்தது. கதையின் முடிவு தெரியாமல் வெள்ளிக்கிழமை ஆய்வை எப்படிச் சமர்ப்பிப்பது என்று ஆராய்ச்சி மாணவி தவித்தாள்.

ஏடு திருட்டுப் போகாமலிருக்க, நூலகர் சுவடியைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுவார். திங்கட்கிழமை காலை இரண்டு கிராம் கூடியிருந்தது.

“குறைஞ்சா உன்னைப் பிடிப்பேன்மா. கூடினா யாரைப் பிடிக்கிறது?”

எண்ணினாள். அறுபத்தொன்று. அதே கையெழுத்தில் அடுத்த பாடல்கள். செவ்வாயன்று அறுபத்திரண்டு.

“கொஞ்சம் சீக்கிரம் எழுதுங்க ஐயா” என்று சுவடியைப் பார்த்து முணுமுணுத்தாள்.

புதன்கிழமை ஏட்டின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது: ‘கை வலிக்கிறது. வெள்ளி காலை முடியும்.’

மாலையில் சுவடிப் பெட்டிக்குள் தன் வலித் தைலத்தை வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனாள்.

வியாழனன்று சுவடி இரண்டு கிராம் கூடியிருந்தது. தைலம் பாதி தீர்ந்திருந்தது.