மாதிரி வீடு

தேனாம்பேட்டை அலுவலகத்தில், புது வைஃபை ரூட்டரைச் சோதிப்பதற்காக, ஒரு குடும்பமே இணையத்தில் இருப்பது போன்ற மாதிரி ஒன்றைக் கணினியில் ஓடவிட்டிருந்தான் அஜித்குமார். மேலாளர் சாருலதா திரையைப் பார்த்தாள்.

மேஜையில் அவள் போன் அதிர்ந்தது. பார்க்காமலேயே கவிழ்த்து வைத்தாள்.

"போன்ல கிரிக்கெட், டிவில சீரியல். சரி. இந்த டேப்லெட் என்ன பண்றது?"

"சாயங்காலம் ஆனா வாட்ஸ்அப் கால் போடுது மேடம். யாரும் எடுக்கறதில்ல. மறுபடி போடுது."

"தினமுமா?"

"தினமும்."

"எடுக்கலேன்னு தெரிஞ்சும் யாராவது கூப்பிட்டுண்டே இருப்பாளா? நிஜ வீடு மாதிரியே இல்ல. அதைத் தூக்கிடு."

அஜித்குமார் தயங்கினான்.

"இது நானா எழுதினது இல்ல மேடம். போன மாசம் உங்க வீட்டு ரூட்டர்ல ரெக்கார்ட் பண்ணிக்கச் சொன்னீங்களே, அதைத்தான் அப்படியே ஓடவிட்டிருக்கேன்."

கவிழ்ந்து கிடந்த போன் மறுபடி அதிர்ந்தது. சாருலதா அதைத் திருப்பினாள். வாட்ஸ்அப் கால். மகள் அனு. அதிர்வு தானாக நிற்கும்வரை அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தூக்க வேண்டாம்," என்றாள். "அப்படியே ஓடட்டும்."