கருநீலச் சட்டை

வெளுத்த சட்டைக்காக ஒருவனை வேலையை விட்டு அனுப்புவார்களா? நாவலூர் அபார்ட்மென்டில் அனுப்பினார்கள். என்னோடு செக்யூரிட்டியாக இருந்த பழனிவேலு போய்விட்டான். எனக்கும் ஏஜென்சி கொடுத்தது ஒரே யூனிஃபார்ம். அதுவும் வெளுத்ததுதான். வேலை போனால் தங்கும் அறையும் போகும்.

திங்கள்கிழமை, பேஸ்மென்ட் பார்க்கிங்கில் அசோசியேஷன் செக்ரெட்டரி ஸ்ரீநிவாசராகவன் கார் கண்ணாடியை இறக்கினார்.

"அடடே, கருநீலம் சும்மா கும்முனு இருக்கே! புதுசா?"

"நல்லா துவைச்சேன் சார்."

"ஏன்பா நடுங்குற?"

"உங்களப் பார்த்தாலே பயம் சார்."

சிரித்துவிட்டார். "இவ்ளோ நீட்டா இருக்கிறவன் பேஸ்மென்ட்ல எதுக்கு? நாளைலேருந்து மெயின் கேட்ல நில்லு."

"அங்க நிழலே இல்லையே சார்..."

"எல்லாரும் பாக்கணும்ல!"

மறுநாள் காலை, வழக்கம்போல் குழாயில் நனைத்துப் பிழிந்து மாட்டிய சட்டை, பத்து மணி வெயிலில் காய்ந்து வெளுத்துப்போனது.